வசனம் பேசாத இடத்தில் எழுதத் தொடங்குங்கள்

கேள்வி இதுதான். வேதத்தைத் தவறாமல் வாசித்துத் தியானிக்கிற ஒருவர், அதிலிருந்து சிறுகதையும் கவிதையும் எழுத ஆசைப்படுகிறார். ஆனால் வேதத்தில் இல்லாததைக் கற்பனை செய்வது பாவமோ என்று பயம். பயத்தை மீறி எழுதினாலும் ஒவ்வொன்றும் கடைசிப் பத்தியில் பிரசங்கமாக மாறிவிடுகிறது. அப்படியே எழுதி முடித்தாலும் அதைச் சபையில் வாசிக்கலாமா என்று தயக்கம்.

பயத்தைப் பற்றி முதலில். இந்தப் பயம் உள்ளவர்கள் பெரும்பாலும் வெளிப்படுத்தல் 22:18-ஐச் சொல்வார்கள், இந்தப் புஸ்தகத்தோடு எதையாவது கூட்டினால் வாதைகள் கூட்டப்படும் என்கிற வசனம். அந்த எச்சரிக்கை தீர்க்கதரிசன வசனங்களோடு தன் சொந்தச் சொல்லையும் சேர்த்து, அதையும் தேவ வாக்கு என்று கொடுப்பவருக்கு. "இதை ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்று சொல்லி ஒரு கதையைக் கொண்டுவருகிறவர் நிச்சயம் பயப்பட வேண்டும். "இது நான் எழுதிய கதை" என்று கொடுப்பவர் வேதத்தோடு எதையும் கூட்டவில்லை. இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் வைத்துக்கொண்டால் பயத்தில் பாதி போய்விடும்.

மீதிப் பாதிக்கு வேதத்தையே பாருங்கள். நியாயாதிபதிகள் 9-ஆம் அதிகாரத்தில் யோதாம் மலையுச்சியில் நின்று, மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிய கதையைச் சொல்கிறான். ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்துவிட, கடைசியில் முட்செடி ஒப்புக்கொள்கிறது. முழுக்க முழுக்கக் கற்பனை. 2 சாமுவேல் 12-இல் தீர்க்கதரிசி நாத்தான் செய்வது இன்னும் துணிச்சலானது. உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீதைக் கண்டிக்கப் போனவர், ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் ஒருவன் பறித்துக்கொண்ட கதையைச் சொல்கிறார். தாவீது அதை நிஜ வழக்கு என்றே நம்பி, கோபப்பட்டு, தண்டனையும் விதித்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்: கேட்கிறவன் தானே தீர்ப்புச் சொல்லும்வரை நாத்தான் தன் கருத்தை வெளியே எடுக்கவில்லை. நேராகக் கண்டித்திருந்தால் ராஜா தன்னை நியாயப்படுத்தத் தொடங்கியிருப்பான். கதைக்குள் நுழைந்துவிட்டவனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

இயேசுவின் உவமைகளில் இதைவிட விந்தையான ஒன்று உண்டு. லூக்கா 15-இல் கெட்ட குமாரன் வந்து சேர்ந்த பிறகு, மூத்தவன் கோபத்தோடு வீட்டுக்கு வெளியே நிற்கிறான். தகப்பன் போய் வருந்தி அழைக்கிறார். மூத்தவன் உள்ளே போனானா? தெரியாது. உவமை அங்கேயே நின்றுவிடுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாவிகளோடு அவர் சாப்பிடுவதை முறுமுறுத்த பரிசேயரும் வேதபாரகரும் இருந்தார்கள் என்பதை அதிகாரத்தின் தொடக்கத்தில் வாசித்தால், ஏன் நின்றது என்பது புரியும். யோனாவின் புத்தகமும் தேவன் கேட்கிற ஒரு கேள்வியோடு முடிகிறது. யோனா சொன்ன பதில் பதிவாகவில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேதத்திலிருந்து படைப்பு எழுதுகிறவருக்குக் கிடைத்திருக்கிற நிலம், வசனம் பேசாமல் விட்ட இடம். அந்த இடத்தில் அவசரப்படாமல் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதில்தான் எழுத்தின் தரம் இருக்கிறது. பிரசங்கமாகிவிடும் சிக்கலும் அங்கே நிற்கப் பொறுமை இல்லாததிலிருந்து வருவதுதான்.

தமிழில் இதற்குப் பெரிய முன்னோடி உண்டு. நான்கு சுவிசேஷங்களிலும் மரியாளின் புருஷனான யோசேப்பு வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. சொப்பனம் காண்கிறான், எழுந்திருக்கிறான், சொல்லப்பட்டபடி செய்கிறான். அவ்வளவுதான். அந்தப் பேசாத மனிதனை வளன் என்ற பெயரில் காப்பியத் தலைவனாக்கி வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை முடித்தார். 36 படலம், 3615 பாடல். இத்தாலியிலிருந்து வந்த ஒருவர், காப்பிய மரபின் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி யூதேயாவைத் தமிழ் நிலமாகவே பாடியிருக்கிறார். அது முழுக்க வசனத்தின் மௌனத்துக்குள் கட்டிய வீடு. அதே போல 1800-இல் வேதநாயகம் சாஸ்திரியார், குறத்தி குறி சொல்லும் நாடக வடிவத்தை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சியில் கிறிஸ்துவா என்று இன்று கேட்டாலும் சிலர் புருவம் உயர்த்துவார்கள். 200 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது, விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சிரியாக் மொழித் திருச்சபைகளிடமிருந்து. அவர்களிடம் இரண்டு பேர் வாதாடும் பாட்டு வடிவம் ஒன்று உண்டு. அதில் ஒன்று கேருபுக்கும் கள்ளனுக்கும் நடக்கும் வாக்குவாதம். ஆதியாகமம் 3-இன் முடிவில் ஏதேனின் வாசலில் கேருபீன்களும் சுடரொளிப் பட்டயமும் காவல் வைக்கப்படுகின்றன. லூக்கா 23-இல் சிலுவையில் தொங்கும் கள்ளனுக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு கிடைக்கிறது. சரி, வாக்கு வாங்கியவன் வாசலுக்கு வந்தபோது காவல்காரன் என்ன சொல்லியிருப்பான்? இரண்டு வசனங்களையும் பக்கத்தில் வைத்த யாரோ ஒருவருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. கேருபு விடமாட்டேன் என்கிறது, கள்ளன் சிலுவையை அடையாளமாகக் காட்டுகிறான், வாதம் நீள்கிறது. மீட்பைப் பற்றி ஒரு வரி விளக்கம் இல்லாமலே முழு மீட்பும் அதற்குள் வந்துவிடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மௌனமான இடத்தில் கற்பனை செய்வது வேறு, வசனத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எழுதுவது வேறு. கிறிஸ்துமஸ் நாடகங்களில் கதவை மூடுகிற சத்திரக்காரன் எப்போதும் வருவான். லூக்கா 2-இல் அப்படி ஒரு ஆள் கிடையாது. சத்திரத்தில் இடமில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று வகை. அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். மகதலேனா மரியாளை விபசாரியாக்கி எழுதிய கதைகள் எண்ணிலடங்காது. அவளிடமிருந்து ஏழு பிசாசுகள் நீங்கின என்பதற்கு மேல் சுவிசேஷங்கள் அவளுடைய கடந்த காலத்தைச் சொல்வதில்லை. லூக்கா 7-இல் வரும் பெயர் சொல்லப்படாத பாவியான ஸ்திரீயும் அவளும் ஒருத்தியே என்பதை 591-இல் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் சொன்னார். மேற்கத்திய உலகம் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. சத்திரக்காரனை நீங்கள் எழுதுங்கள், தப்பில்லை. அவன் உங்கள் ஆள் என்று தெரிந்து எழுதுங்கள். ஒரு பெண்ணின் மேல் வேதமே சொல்லாத பழியைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதற்கு மட்டும் கற்பனை என்று பெயர் வைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருவோம், பிரசங்கம். பேதுருவின் மறுதலிப்பைப் பற்றிச் சபை மலர்களில் வரும் கதையில் பொதுவாக இப்படி ஒரு பத்தி இருக்கும்:

"ஆண்டவரை மறுதலித்த பேதுருவின் உள்ளம் வேதனையால் துடித்தது. ஆனாலும் அவருடைய மாறாத அன்பு அவனைத் தேடி வந்தது. ஆம், நாம் தவறினாலும் அவர் நம்மைக் கைவிடுவதில்லை!"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பதற்கும் எதுவும் இல்லை. பேதுரு என்கிற பெயரை எடுத்துவிட்டு யூதாஸைத் தவிர வேறு எந்தச் சீஷனின் பெயரைப் போட்டாலும் பத்தி அப்படியே நிற்கும். எழுதியவர் வசனத்தைப் பார்க்கவில்லை, வசனத்தைப் பற்றித் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தைப் பார்த்திருக்கிறார்.

யோவான் சுவிசேஷத்தை எடுத்து மெதுவாக வாசிப்போம். 18-ஆம் அதிகாரம்: குளிரான இரவு. வேலைக்காரர்கள் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்கிறான். அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நின்றபடிதான் இயேசுவின் சீஷன் நான் அல்ல என்கிறான். கடைசியாகக் கேட்டவன், பேதுரு காதை வெட்டிய ஆளுக்கு இனத்தான். இனி 21-ஆம் அதிகாரம்: விடியற்காலம், கடற்கரை. படகு கரையிலிருந்து இருநூறு முழ தூரத்தில், நம் கணக்கில் சுமார் 90 மீட்டரில் இருக்கிறது. கரையில் நிற்கிறவர் கர்த்தர் என்று கேட்டதும் பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். கரையேறினால் அங்கே கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான். அங்கே மூன்று தரம் மறுத்தவனிடம் இங்கே மூன்று தரம் கேள்வி கேட்கப்படுகிறது.

இதற்கு நடுவில் ஒரு சின்னச் செய்கை இருக்கிறது. "இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்" என்று இயேசு எல்லாரிடமும்தான் சொல்கிறார். போய் வலையை இழுத்து வருவது பேதுரு. ஏன் அவன்? சுபாவமே அப்படி, எதிலும் முந்துகிறவன் என்று சொல்லலாம். அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல், விலகிப் போக ஒரு வேலை கிடைத்ததே என்று ஓடியிருக்கவும் கூடும். யோவான் காரணம் சொல்லவில்லை. ஒரு கதைக்கு இது போதும்:

"நீரிலிருந்து எழுந்தபோதே புகை வாசனை அடித்தது. நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக் குளிர் நடுக்கியது. மற்றவர்கள் வந்து கைகளை நீட்டிக் குளிர்காயத் தொடங்கினார்கள். ஒருவன் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான். அவன் உட்காரவில்லை. மீன் கொண்டுவரச் சொன்ன குரல் கேட்டதும் திரும்பிப் படகை நோக்கி நடந்தான். வலை கனத்தது. அது இன்னும் கனமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது, இழுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்."

இதில் அன்பு, மன்னிப்பு, மறுதலிப்பு என்ற சொற்கள் வரவில்லை. வசனம் தெரிந்த வாசகருக்கு எல்லாம் புரியும். தெரியாத வாசகருக்கும் ஒருவன் நெருப்பைக் கண்டு ஏன் ஒதுங்குகிறான் என்ற கேள்வியாவது எழும். அவர் போய் வேதத்தைத் திறந்து பார்க்கக்கூடும். பிரசங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மேடை இருக்கிறது, அழைப்பு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கதையின் கடைசிப் பத்திக்குள் அதைத் திணிக்கும்போது கதையும் கெடுகிறது, பிரசங்கமும் அரைகுறையாகிறது.

வாசிக்கும் முறைக்கு வருகிறேன். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி, வேதம் வாசிப்பதை நான்கு படிகளாக எழுதினார்: வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு பேச்சற்று தேவனுக்கு முன் இருப்பது. எழுதுகிறவர்கள் இரண்டாம் படியிலேயே பேனாவை எடுத்துவிடுகிறோம். ஒரு நல்ல எண்ணம் வந்ததும் "ஆகா, இதை எழுதலாம்" என்று தோன்றிவிடும். அன்றைக்கு எழுதாமல் விடுங்கள். அந்தப் பகுதியை வாய்விட்டு வாசியுங்கள், கையால் நகல் எடுங்கள். நகல் எடுக்கும்போதுதான் யார் பேசுகிறார்கள், யார் சும்மா நிற்கிறார்கள், எந்த நேரம், என்ன தட்பவெப்பம், கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் படும். முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களையும், சுவிசேஷப் பகுதியானால் மற்ற மூன்று பேர் எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூல் 1548-இல் அச்சானது. அவர் இன்னும் ஒரு படி போகிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் வழி எவ்வளவு நீளம், அகலம், சமவெளியா பள்ளத்தாக்கா என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். அந்தக் காட்சியில் மரியாள், யோசேப்போடு ஒரு பணிப்பெண்ணையும் வைக்கிறார். அவள் லூக்காவில் இல்லை! தியானிப்பவரையும் ஓர் எளிய வேலைக்காரனாக அந்த இடத்தில் நிறுத்துகிறார். கற்பனை ஜெபத்துக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அவரிடம் அது ஜெபத்துக்கு உள்ளே போகிற வழி.

கவிதை எழுதுகிறவர்களுக்குச் சங்கீதங்களை விட்டால் வேறு பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் பலரும் சங்கீதங்களில் துதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும் நிறைய. 13-ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்து சேர்கிறது. 88-ஆம் சங்கீதம் வந்து சேர்வதே இல்லை. முறையீட்டில் தொடங்கி இருளில் முடிகிறது. "ஆனாலும்" என்ற திருப்பம் அதில் கிடையாது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள், ஆராதனையில் பாடவும் செய்தார்கள். ஆகவே உங்கள் கவிதை நம்பிக்கையோடு முடியவில்லை என்றால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 88-ஐக் காட்டுங்கள். பிள்ளையை இழந்த ஒருவருக்காக எழுதும்போது நான்காவது வரியிலேயே ஆறுதலைக் கொண்டுவருவது, அவருடைய துக்கத்தைப் பாதியில் நிறுத்துவதாகும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

வடிவத்தைப் பற்றியும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். எருசலேம் இடிந்த பிறகு எழுந்த புலம்பல் புத்தகத்தில் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசைப்படி போகின்றன. 22 எழுத்துக்கு 22 வசனம். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம் இருக்கிறது, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது வரிசையும் கலைந்துவிட்டது போலத்தான் எனக்குப் படும். ஆராய்ச்சியாளர்கள் வேறு சொல்லலாம். அகரவரிசையில் நீதி சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்தில் ஒரு புலம்பல் எழுதிப் பாருங்கள். அந்தக் கட்டுப்பாடு துக்கத்தை வழவழவென்று ஓடவிடாது.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சபைக்குள் வளர்ந்தவர்களுக்கு ஆயத்தமான சொற்றொடர்கள் நாக்கு நுனியில் இருக்கும்: அளவில்லாத கிருபை, மகா பெரிய நடத்துதல், ஆசீர்வாதமாக அமைந்தது, கண்ணீரின் பள்ளத்தாக்கு. ஜெபத்தில் இவை வரட்டும். கதையில் வந்தால் வாசகர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார், அத்தனை முறை கேட்டிருக்கிறார். முதல் பிரதியில் தாராளமாக எழுதிவிட்டு, இரண்டாம் முறை அந்தச் சொல் வந்த இடங்களில் "அப்போது உண்மையில் என்ன நடந்தது?" என்று கேட்டு அதை எழுதுங்கள். "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று 42-ஆம் சங்கீதம் தொடங்கும்போது முதலில் வருவது ஒரு மிருகத்தின் தாகம். ஆத்துமா அதற்குப் பிறகுதான்.

யூதர்களைப் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். பாடுகளின் கதையில் "யூதர்கள்" என்று மொத்தமாக ஒரு கொடிய கூட்டத்தை வரைவது எளிது. இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்கள்தான். நூற்றாண்டுகளாகப் பாஸ்கா காலத்து நாடகங்களும் பிரசங்கங்களும் ஐரோப்பாவில் யூதர்கள் மேல் வன்முறையைத் தூண்டியிருக்கின்றன. இயேசுவுடைய மரணத்தின் பழியை அன்றிருந்த எல்லா யூதர்கள் மேலும், இன்றைய யூதர்கள் மேலும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எழுதியே வைத்தது. பரிசேயனை எழுதினால் அவனுக்கும் ஒரு காரணம், ஒரு பயம், ஒரு நல்ல குணம் கொடுங்கள். கதையும் அப்போதுதான் சுவைக்கும்.

சபையில் வாசிப்பது பற்றி. வாசிக்கலாம், ஆனால் முதலில் வேதப் பகுதியை அப்படியே வாசியுங்கள், பிறகு "இதிலிருந்து நான் கற்பனை செய்து எழுதியது" என்று சொல்லிவிட்டு உங்களுடையதை வாசியுங்கள். முடிந்ததும் விளக்கம் சொல்லாமல் உட்கார்ந்துவிடுங்கள்; இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். போதகருக்கு முன்கூட்டியே காட்டுவது மரியாதை, பிழை இருந்தால் பிடிபடவும் செய்யும். ஆராதனைக்கு இது பொருந்தாது என்று அவர் சொன்னால் சண்டை வேண்டாம், வாலிபர் கூட்டமும் வீட்டுக் கூடுகையும் இருக்கின்றன. சாட்சியைக் கதையாக்கினால், அதில் வருகிற குடும்பத்தார், சபையார் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், லூக்கா 24-ஐச் சொல்வேன். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நடந்து போன இரண்டு பேரில் ஒருவன் கிலெயோப்பா, மற்றவருக்குப் பெயர் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லப்படவில்லை. போகும்போது நடந்த பேச்சை லூக்கா விரிவாக எழுதுகிறார். வழியில் சேர்ந்துகொண்ட அந்நியர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அப்பம் பிட்கையில் அறிந்துகொண்டதும், அந்நேரமே எழுந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பொழுது சாய்ந்துவிட்டது, தங்குங்கள் என்று கொஞ்சம் முன்புதான் அந்த அந்நியரைக் கட்டாயப்படுத்தியவர்கள் அதே வழியில் இருட்டில் நடக்கிறார்கள். பேசினார்களா, ஓடினார்களா, யார் முதலில் எழுந்தது, சாப்பாட்டை முடித்தார்களா? அந்தப் பெயர் இல்லாதவரின் வாயால் எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், எருசலேமின் வாசலுக்கு வரும் முன்பே நிறுத்திவிடுங்கள்.